போருக்கு முந்தைய மார்ட்டின் டி-28: அறிகுறிவாரியாகப் பழுது கண்டறியும் வழிமுறை

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள நாசரேத் என்னும் ஊரில் 1934 முதல் 1944 வரையிலான பத்தாண்டுகளில் மார்ட்டின் நிறுவனம் செய்த டி-28 கிடார்களை இசைக்கலைஞர்களும் சேகரிப்பாளர்களும் இன்றும் தேடி அலைகிறார்கள். அவற்றின் குரலைப் புகழ்வோர் சொல்லும் காரணங்களையும், அவை பழுதுநீக்கும் மேசைக்கு வந்து சேரும் காரணங்களையும் அடுத்தடுத்து எழுதிப் பார்த்தால், இரண்டு பட்டியலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். மேற்பலகை மெல்லியது, அதைத் தாங்கும் சட்டங்கள் குடைந்து இலகுவாக்கப்பட்டவை, தந்திகளின் அடிமுனை பொருந்தும் பிரிட்ஜுக்கு அடியிலுள்ள மேப்பிள் தகடு சிறியது, கழுத்துக்குள் திருகிச் சரிசெய்யும் கம்பி கிடையாது, மூட்டுகளைப் பிடித்திருப்பது வச்சிரம் என்னும் தோற்பசை. இந்த இலகுவான உடல் எழுபது கிலோவை ஒட்டிய தந்தி இழுவிசையை எண்பது ஆண்டுகளுக்கு மேல் தாங்கி வந்திருக்கிறது. ஆகவே ஒரு குறையைப் போக்குவதற்காக அந்த உடலைத் தடிப்பாக்குகிற எந்த வைத்தியமும், குறையோடு சேர்த்துக் குரலையும் போக்கிவிடும்.

இந்த வழிமுறை அந்தக் காலத்து டி-28-ஐ மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அதே காலத்து மற்ற மார்ட்டின் கிடார்களுக்கும் இதன் பெரும்பகுதி பொருந்தும். கிப்சன் கிடார்களுக்கு அப்படியே பொருந்தாது. அந்நிறுவனம் 1920-களிலேயே கழுத்துக்குள் திருகுகம்பி வைக்கத் தொடங்கிவிட்டது. மார்ட்டினோ 1985 வரை அதை ஏற்கவில்லை.

எந்த அறிகுறியானாலும் முதலில் பார்க்க வேண்டியது

கருவியை எடுப்பதற்கு முன் ஈரப்பதமானியை எடுங்கள். கிடாரை அதன் பெட்டிக்குள் 45 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் இரண்டு வாரமாவது வைத்திருந்த பிறகே கீழே சொல்லப்படும் அளவுகளை எடுக்க வேண்டும். காய்ந்துபோன கிடாரில் மேற்பலகை உள்வாங்கும், தந்திகள் தாழ்ந்து, விரற்பலகையில் குறுக்காகப் பதித்த உலோகக் கம்பிகளான ஃப்ரெட்டுகளில் உரசும், சுருங்கிய விரற்பலகையின் ஓரத்தில் ஃப்ரெட் முனைகள் கையைக் கீறும். ஈரம் மிகுந்த கிடாரில் மேற்பலகை புடைத்துத் தந்திகள் உயர்ந்து நிற்கும். இந்த இரண்டு நிலைகளுமே கழுத்துக் கோளாறைப் போலத் தோற்றம் காட்டும். பருவநிலை உண்டாக்கிய குறைக்கு அரத்தை எடுத்தவர்கள் அடுத்த பருவம் வந்ததும் வருந்தியிருக்கிறார்கள்.

இதோடு, போடப்பட்டிருக்கும் தந்தி எது என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். இந்த உடலுக்கு 12–53 அளவுள்ள (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குகளில் தந்தியின் தடிப்பு) மெல்லிய தொகுதி போதும். கனமான தந்திகள் புழக்கத்துக்கு வந்து மேற்பலகைகள் பழுதாகித் திரும்பி வந்ததால்தான் 1944-இன் இறுதியில் மார்ட்டின் சட்டங்களைக் குடையும் வழக்கத்தையே கைவிட்டது. அதற்கு முந்தைய கிடாரில் கனமான தந்தியைப் போடுவது, அந்த வரலாற்றை உங்கள் செலவில் மறுபடி நிகழ்த்திப் பார்ப்பதாகும்.

அறிகுறி: தந்திகள் உயரத்தில் நிற்கின்றன, சேடிலைத் தாழ்த்தவும் இடமில்லை

இந்தக் கிடார்களில் மிக அதிகமாகக் காணப்படும் குறை இதுவே. பன்னிரண்டாம் ஃப்ரெட்டின் மேல் தடித்த ஆறாம் தந்தியின் அடிப்பக்கம் 2.4 மி.மீ. அளவிலும், மெல்லிய முதல் தந்தி 1.8 மி.மீ. அளவிலும் இருந்தால் பெரும்பாலோருக்கு வாசிக்க வசதியாக இருக்கும். உங்கள் கிடாரில் இது 3.5 மி.மீ.ஐத் தாண்டியிருக்கிறது, அதே நேரத்தில் பிரிட்ஜுக்கு மேலே தெரியும், தந்திகளைத் தாங்கும் எலும்புச் சேடிலின் உயரம் 2 மி.மீ.கூட இல்லை என்றால், கழுத்து உடலோடு சேரும் கோணம் மாறிவிட்டது என்று பொருள்.

உறுதிசெய்ய ஓர் எஃகு நேர்கோலை ஃப்ரெட்டுகளின் மேல் நடுவாக வைத்து பிரிட்ஜ் வரை நீட்டுங்கள். கோணம் சரியாக இருந்தால் கோலின் முனை பிரிட்ஜின் மேல்விளிம்பைத் தொட்டபடியோ, மயிரிழை மேலாகவோ நிற்கும். முனை பிரிட்ஜின் முன்முகத்தில் இடித்து நின்றால், எத்தனை மில்லிமீட்டர் கீழே இடிக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பிரிட்ஜின் தடிப்பையும் அளந்து பாருங்கள். அது முதலில் நடுவில் ஏறக்குறைய 8 முதல் 9 மி.மீ. இருந்திருக்கும். இப்போது 6 மி.மீ. மட்டுமே இருந்தால், முன்பொருவர் கழுத்தைத் தொட அஞ்சி பிரிட்ஜைச் சீவியிருக்கிறார் என்று கொள்ளலாம். அப்படியிருந்தால் நேர்கோல் சோதனை உண்மையைவிடக் குறைந்த கோளாறையே காட்டும். உயர்ந்த பிரிட்ஜாக இருந்திருந்தால் கோல் இன்னும் கீழே இடித்திருக்கும்.

மருந்து, கழுத்தைக் கழற்றி மறுபடி பொருத்தும் நெக் ரீசெட் வேலைதான். பதினைந்தாம் ஃப்ரெட்டை எடுத்துவிட்டு, அதன் காடியின் வழியே சிறு துளையிட்டு நீராவி செலுத்தினால், புறாவால் வடிவில் வெட்டப்பட்ட கழுந்தைப் பிடித்திருக்கும் வச்சிரம் இளகும். கழுத்து வெளிவந்ததும், அது உடலோடு சேரும் பகுதியான குதியின் அடியில் சிறிதளவு மரத்தை நீக்கி, கழுந்துக்கு மெல்லிய சீவல் வைத்து இறுக்கி, புதிய வச்சிரத்தில் பொருத்துவார்கள். எவ்வளவு மரம் போகும் என்று உடையவர்கள் கலங்குவதுண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தால் கலக்கம் தீரும். டி-28-இன் தந்தி நீளம் 645 மி.மீ.; பதினான்காம் ஃப்ரெட்டிலிருந்து சேடில் வரை ஏறக்குறைய 287 மி.மீ. பிரிட்ஜ் இருக்குமிடத்தில் 3 மி.மீ. உயர்த்த வேண்டும், குதியின் ஆழம் 95 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், குதியின் அடிமுனையில் நீக்க வேண்டியது ஏறத்தாழ 1 மி.மீ. மட்டுமே. அங்கிருந்து மேலே போகப்போக அது ஒன்றுமில்லாமல் தேய்ந்துவிடும்.

முறையாகச் செய்யப்பட்ட ரீசெட், பழைய கிடாரின் மதிப்பைக் குறைப்பதில்லை. வச்சிரத்தைத் தேர்ந்தவர்கள் இதற்காகவே தேர்ந்தார்கள் என்று சொல்ல முடியாவிட்டாலும், வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் இணங்கிப் பிரியும் அதன் குணம்தான் இந்தக் கிடார்களை இதுவரை பிழைக்க வைத்திருக்கிறது. எப்பாக்ஸி ஊற்றி ஒட்டப்பட்ட கழுத்தைக் கழற்ற வேண்டி வந்த எந்தக் கிடார் தச்சரைக் கேட்டாலும் இதையே சொல்வார். ஆகவே இந்த வேலையை வீட்டில் முயலாதீர்கள். நேர்கோல் அளவையும் பிரிட்ஜின் தடிப்பையும் எழுதி எடுத்துக்கொண்டு, பழைய மார்ட்டின் கழுத்துகளைக் கழற்றிப் பழகியவரிடம் கொடுங்கள்.

சேடிலைப் பற்றி ஒரு சொல். இந்தக் காலத்து பிரிட்ஜில் சேடிலுக்கான காடி இருபுறமும் திறந்து ஓடும். சேடில் அதில் ஒட்டப்பட்டிருக்கும். அதைக் குறடால் பிடித்து இழுத்தால் கருங்காலி பிரிட்ஜின் உதடு பெயர்ந்துவிடும்.

அறிகுறி: கழுத்து வில்லாக வளைந்திருக்கிறது

முதல் ஃப்ரெட்டிலும் பதினான்காம் ஃப்ரெட்டிலும் ஆறாம் தந்தியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஏழாம் ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் இடையிலுள்ள வெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) அளக்க வேண்டும். 0.1 முதல் 0.25 மி.மீ. வரை இருந்தால் நலம், 0.3 வரை பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் வளைவு உண்மையானது. திருப்புவதற்குத் திருகு எங்கே என்று ஒலித்துளைக்குள் தேடிப் பயனில்லை. 1934 முதல் கழுத்துக்குள் ‘டி’ எழுத்தின் வடிவிலான எஃகுச் சட்டம் புதைக்கப்பட்டது. அது தாங்குமே தவிரத் திருப்ப வராது. போர்க்காலத்தில் 1942 முதல் 1945 வரை எஃகு கிடைக்காமல் கருங்காலிச் சட்டம் வைத்தார்கள். உங்கள் கிடாரில் எது இருக்கிறது என்பதை அறிய, ஃப்ரெட்டுகளுக்கு நடுவே விரற்பலகையின் மேல் சிறு காந்தத்தை வைத்துப் பார்க்கலாம். ஃப்ரெட் உலோகம் காந்தத்தை இழுக்காது. ஆகவே மெல்லிய இழுப்பு தெரிந்தால் அது உள்ளிருக்கும் எஃகின் இழுப்பே.

வளைவை நீக்கும் வழி ஃப்ரெட்டுகளில் இருக்கிறது. காடியைவிடச் சற்றே தடித்த அடித்தண்டுள்ள ஃப்ரெட்டை அடித்து இறக்கும்போது அது ஆப்பாக நின்று விரற்பலகையைப் பிளப்பதுபோல் நெருக்கும். இருபதுக்கும் பக்கமான ஃப்ரெட்டுகள் சேர்ந்து தரும் நெருக்கம் கழுத்தைப் பின்னோக்கி நிமிர்த்திவிடும். இதில் தேர்ந்தவர் எந்த ஃப்ரெட்டுக்கு எவ்வளவு தடிப்பு என்று தேர்ந்தெடுத்தே வேலை செய்வார். விரற்பலகையை இழைத்து நேராக்குவதும் ஒரு வழிதான். ஆனால் அந்தக் கருங்காலி திரும்ப வளராது என்பதால் அதைக் கடைசி வழியாக வையுங்கள்.

அறிகுறி: வாசிக்கும்போது கரகரப்பு எழுகிறது

கரகரப்பைப் பிடிக்க, அது எப்போது எழுகிறது என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு தந்தியைத் திறந்து வாசிக்கும்போது மட்டும் எழுந்தால், கழுத்தின் தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் நட்டில் அந்தத் தந்தியின் காடி ஆழமாகிவிட்டது. ஒரு குறிப்பிட்ட ஃப்ரெட்டில் எல்லாத் தந்திகளிலும் எழுந்தால், அதற்கு அடுத்த ஃப்ரெட் எழும்பியிருக்கிறது அல்லது வாசிக்கும் ஃப்ரெட் தேய்ந்திருக்கிறது. இவை எந்தக் கிடாருக்கும் பொதுவானவை; எளிதில் தீர்பவை.

மூன்றாவது வகைதான் பழைய கிடாருக்கே உரியது. ஒரு குறிப்பிட்ட சுரத்தை எந்தத் தந்தியில் எந்த இடத்தில் வாசித்தாலும் கரகரப்பு எழும். அரைச்சுரம் மேலே போனால் அடங்கிவிடும். தந்தி ஃப்ரெட்டில் உரசுவதால் இது வருவதில்லை. கிடாரின் உடலில் எங்கோ தளர்ந்த ஒரு பகுதி தனக்கு இயல்பான அதிர்வெண் வரும்போது கூடச் சேர்ந்து ஆடுகிறது. ஒருவர் அந்தச் சுரத்தை விடாமல் வாசிக்க, மற்றொருவர் தந்தியை முறுக்கும் டியூனர்களின் வளையங்கள், மேற்பலகையைக் கீறலிலிருந்து காக்கும் பிக்கார்டு என்னும் தகட்டின் ஓரங்கள், தந்தி முனைகளைப் பிடிக்கும் பிரிட்ஜ் முளைகள் ஆகியவற்றை ஒவ்வொன்றாக விரலால் அழுத்திவர வேண்டும். எங்கு அழுத்தும்போது ஒலி அடங்குகிறதோ அங்கே குற்றவாளி இருக்கிறது.

வெளிப்புறம் எதுவும் சிக்காவிட்டால் தந்திகளைத் தளர்த்தி, சிறு விளக்கையும் கண்ணாடியையும் ஒலித்துளை வழியே உள்ளே விடுங்கள். சட்டங்களின் முனைகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வச்சிரம் காய்ந்து பிடி விடுவது பெரும்பாலும் முனையிலிருந்தே தொடங்கும். மெல்லிய தாள் ஒன்றைச் சட்டத்துக்கும் பலகைக்கும் இடையே செருகிப் பார்த்தால் எவ்வளவு தூரம் விட்டிருக்கிறது என்பது தெரிந்துவிடும். வெளியிலிருந்து விரல்முட்டியால் மெல்லத் தட்டினாலும், நன்றாகப் பிடித்திருக்கும் இடம் ‘டக்’ என்றும் விட்ட இடம் சலசலப்போடும் பதில் சொல்லும். விட்ட சட்டத்தைச் சூடான வச்சிரத்தால் மறுபடி ஒட்டிவிடலாம். கடையில் கிடைக்கும் வெள்ளைப் பசையை அங்கே செலுத்த வேண்டாம். அது இறுகிய பிறகும் சற்றே நெகிழ்ந்து கொடுக்கும். அதன் மேல் பின்னர் வச்சிரமும் பிடிக்காது.

அறிகுறி: பிக்கார்டை ஒட்டி மேற்பலகையில் வெடிப்பு

முதல் தந்தியின் பக்கமாக, ஒலித்துளைக்கும் பிரிட்ஜுக்கும் இடையில், மர இழையின் வழியே ஓடும் இந்த வெடிப்பைப் பார்த்ததும் கிடாரை யாரோ போட்டுவிட்டார்கள் என்று எண்ணத் தோன்றும். பெரும்பாலும் அப்படி நிகழ்ந்திருக்காது. அந்த நாளில் செல்லுலாய்டு பிக்கார்டை லேக்கர் என்னும் மெருகுப் பூச்சு பூசுவதற்கு முன்பே வெறும் மரத்தின் மேல் ஒட்டினார்கள். செல்லுலாய்டு ஆண்டுக்கணக்கில் சுருங்கிக்கொண்டே வரும். மரம் அதனோடு சேர்ந்து சுருங்காது. ஓரங்கள் சுருண்டு மேலெழும்போது ஸ்ப்ரூஸ் மரத்தாலான மேற்பலகையின் இழைகளையும் இழுத்துப் பிளந்துவிடுகின்றன.

வெடிப்பில் உடனடி ஒட்டுப்பசையை ஊற்றுவதே இங்கே செய்யப்படும் முதல் தவறு. பிக்கார்டு இழுத்துக்கொண்டே இருக்கும்வரை ஒட்டிய வெடிப்புக்குப் பக்கத்தில் இன்னொன்று பிறக்கும். ஊறிய பசையோ இழைக்குள் கறையாக நின்றுவிடும். சரியான வரிசை இது: இழுப்பைத் தளர்த்த பிக்கார்டை முதலில் பொறுமையாகப் பிரித்தெடுக்க வேண்டும், கிடாரை ஈரப்பதத்தில் வைத்து வெடிப்பின் இரு கரைகளும் தாமாக நெருங்கும்வரை காத்திருக்க வேண்டும், பிறகு வச்சிரம் செலுத்தி, உட்புறத்தில் இழைக்குக் குறுக்காகச் சிறு ஸ்ப்ரூஸ் ஒட்டுகளை வைக்க வேண்டும். வெறும் மரத்துக்கு மெல்லிய பூச்சு கொடுத்த பிறகு, அதே பிக்கார்டை நெகிழ்வான ஒட்டுப்படலத்தால் மீண்டும் பொருத்தினால், அது இனிச் சுருங்கினாலும் மரத்தை இழுக்காது. ஒட்டுகள் சிறியனவாக, ஓரம் சீவப்பட்டனவாக இருக்க வேண்டும். வெடிப்பின் நீளம் முழுவதும் பட்டையாக ஒட்டிய கிடார்கள், வெடித்தபடியே கிடந்திருந்தால் இதைவிட நன்றாக ஒலித்திருக்கும்.

விரற்பலகையின் இரு ஓரங்களையும் ஒட்டி ஒலித்துளை நோக்கி ஓடும் வெடிப்பு வேறு வகை. கழுத்தின் அழுத்தத்தால் அது பிறக்கிறது. 1930-களின் இறுதியில் மார்ட்டின் அந்த இடத்துக்கு அடியில் ஒரு தட்டையான குறுக்குச் சட்டத்தைச் சேர்த்தது; உங்கள் கிடார் அதற்கு முந்தையதானால் அது இருக்காது. உடலுக்குள் கழுத்தைப் பிடித்திருக்கும் கழுத்துக் கட்டை நகர்ந்திருக்கிறதா என்பதையும் சேர்த்தே பார்க்கச் சொல்லுங்கள்.

அறிகுறி: பிரிட்ஜின் பின்விளிம்பு எழும்புகிறது, மேற்பலகை புடைத்திருக்கிறது

பிரிட்ஜுக்குப் பின்னால் மேற்பலகை சற்றே புடைத்திருப்பது இந்தக் கிடார்களுக்கு இயல்பு. இலகுவான பலகை இழுவிசைக்கு விட்டுக்கொடுத்து நிற்கும் நிலை அது. அதைத் தட்டையாக்க முயல்வது வீண். புடைப்பு ஆண்டுக்காண்டு வளர்கிறதா, ஒலித்துளைக்கும் பிரிட்ஜுக்கும் நடுவே பலகை குழிகிறதா, பிரிட்ஜின் பின்விளிம்புக்கு அடியில் தாள் நுழைகிறதா என்பவைதான் கேட்க வேண்டிய கேள்விகள். தாள் சில மில்லிமீட்டருக்கு மேல் நுழைந்தால் தந்திகளைத் தளர்த்திவிட்டு, பிரிட்ஜை வெப்பத்தால் பிரித்து மீண்டும் வச்சிரத்தில் ஒட்டச் சொல்ல வேண்டும். திருகுகளும் போல்ட்டுகளும் போடச் சம்மதிக்காதீர்கள். கிப்சன் தன் பிரிட்ஜுகளில் போல்ட் வைத்ததுண்டு. அக்காலத்து மார்ட்டினில் போல்ட் இருந்தால் அது பின்னால் வந்தவரின் கைவேலை.

இதற்கு நெருங்கிய ஓர் அறிகுறியைப் பலர் கவனிப்பதில்லை. தந்தியின் அடிமுனையில் குண்டுக்கு மேலே இரட்டையாகச் சுற்றப்பட்ட தடித்த பகுதி இருக்கும். அது சேடிலின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஏறியிருந்தால், உள்ளே மேப்பிள் தகட்டில் முளைத்துளைகள் கடிபட்டுப் பெருத்து, குண்டு துளைக்குள் மேலேறிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். தேய்ந்த துளையைச் சுற்றி மட்டும் மேப்பிள் அடைப்பு வைத்து மறுபடி துளையிட்டால் போதும். தகட்டையே மாற்றலாம் என்ற யோசனை வரும்போது மறுத்துவிடுங்கள். 1968-இல் மார்ட்டின் சிறிய மேப்பிள் தகட்டுக்குப் பதிலாகப் பெரிய ரோஸ்வுட் தகட்டை வைக்கத் தொடங்கியது; தகடு பழுதாவது குறைந்தது, மேற்பலகையின் அசைவும் கூடவே குறைந்தது. பழைய டி-28-க்குள் அத்தகைய தகட்டைப் பொருத்துவது, முப்பது ஆண்டு பிந்தைய கிடாராக அதை மாற்றுவதற்கு ஒப்பாகும்.

அறிகுறி: புகழ்பெற்ற குரல் வரவில்லை, மங்கி ஒலிக்கிறது

பெரும்பொருள் கொடுத்து வாங்கியவர் மனமுடைந்து கேட்கும் கேள்வி இது. தந்திகள் பழையனவா, சேடில் தாழ்ந்து தந்தி அதன் மேல் மடியும் கோணம் குறைந்துவிட்டதா என்ற இரண்டையும் முதலில் விலக்கிவிடுங்கள். தாழ்ந்த சேடில் தந்தியின் அழுத்தத்தைப் பலகைக்குக் கொடுப்பதில்லை. பல கிடார்கள் நெக் ரீசெட்டுக்குப் பிறகு குரல் திரும்பப் பெறுவது இதனால்தான்.

அடுத்து, குரல் எங்கிருந்து வர வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு அந்த இடங்களைச் சோதிக்க வேண்டும். பிரிட்டன் போர்க்கப்பலின் பெயரைத் தாங்கிய டிரெட்நாட் என்னும் இந்த அகன்ற உடலை 1916-இல் ஆலிவர் டிட்சன் நிறுவனத்துக்காக மார்ட்டின் செய்து கொடுத்தது. தன் பெயரில் 1931-இல் வெளியிட்டது. 1934-இல் பதினான்காம் ஃப்ரெட்டில் உடல் தொடங்கும் வடிவத்துக்கு மாற்றியது. மேற்பலகை அடிராண்டாக் சிவப்பு ஸ்ப்ரூஸ். எடைக்கு மிஞ்சிய விறைப்பு அதன் சிறப்பு, ஆகவே அதை மெல்லியதாக இழைத்தாலும் தாங்கும். பின்பலகையும் பக்கங்களும் பிரேசில் ரோஸ்வுட். உள்ளே பெருக்கல் குறி போலக் குறுக்கிட்டு ஓடும் இரு முதன்மைச் சட்டங்கள் ஒலித்துளையின் விளிம்பிலிருந்து ஏறக்குறைய 25 மி.மீ. தொலைவிலேயே சந்திக்கின்றன. 1938-ஐ ஒட்டி இந்தச் சந்திப்பை நிறுவனம் பிரிட்ஜ் பக்கமாக நகர்த்தியது. முன்னால் இருந்தபோது பிரிட்ஜைச் சுற்றியுள்ள பலகைக்கு அசைய அதிக இடம் கிடைத்தது. தாழ்ந்த சுரங்களில் நெஞ்சில் மோதுவதுபோல் கேட்கும் முழக்கம் பெரிதும் அங்கிருந்தே வருகிறது. சட்டங்கள் முழு உயரத்துடன் ஓடாமல், நடுவில் குடையப்பட்டு முனைக்கு முன் மீண்டும் சற்றே உயர்ந்து முடிகின்றன.

இப்போது கண்ணாடியில் பாருங்கள். சட்டங்களின் குடைவு பழைய மரத்தின் பழுப்பு நிறத்திலேயே இருக்கிறதா, அல்லது உளி பட்ட இடம் வெளிறித் தெரிகிறதா? வெளிறியிருந்தால் பின்னால் வந்த யாரோ செதுக்கியிருக்கிறார்கள். சட்டங்களுக்குப் பக்கத்தில் துணைச் சட்டங்கள் ஒட்டப்பட்டிருக்கின்றனவா? பிரிட்ஜ் தகடு பெரிதாக்கப்பட்டிருக்கிறதா? வெளிப்புறத்தில், லேக்கர் தடிப்பாகக் கண்ணாடிபோல் பளபளத்து, பிக்கார்டின் ஓரத்திலும் ஒலித்துளையின் உள்விளிம்பிலும் வழிந்து நிற்கிறதா? நின்றால் மேற்பூச்சு புதியது. அந்தப் படலம் மேற்பலகைக்குப் போர்வையாகிவிட்டது. துணைச் சட்டத்தையும் பெரிய தகட்டையும் நீக்கலாம், அதற்குப் பலன் உண்டு. மேற்பூச்சை மட்டும் நான் தொடச் சொல்ல மாட்டேன், ஏனெனில் அதைத் தேய்த்தெடுக்கும்போது அடியிலிருக்கும் பழைய பூச்சும் சில வேளை ஸ்ப்ரூஸும் சேர்ந்தே போகின்றன.

திருத்தப்பட்ட கிடார் எல்லாம் கெட்ட கிடார் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. புளூகிராஸ் கிடார் கலைஞர்களான கிளாரன்ஸ் வைட்டும் அவருக்குப் பின் டோனி ரைஸும் வாசித்த 1935-ஆம் ஆண்டு டி-28-இன் ஒலித்துளை அகலப்படுத்தப்பட்டது, விரற்பலகையும் அதனுடையதன்று. அந்தக் கிடாரின் குரலைக் குறை சொன்னவர் அரிது. ஆனால் அதைப் பார்த்துத் தன் கிடாரின் துளையை வெட்டுபவருக்கு அதே குரல் வந்துவிடாது.

அறிகுறி: மேலே போகப்போகச் சுருதி விலகுகிறது

பன்னிரண்டாம் ஃப்ரெட்டின் மேல் விரலை மெல்ல வைத்து எழுப்பும் மேற்சுரத்தையும் அதே இடத்தில் அழுத்தி வாசிக்கும் சுரத்தையும் சுருதி காட்டும் மின்கருவியில் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் முதலில் தந்தி உயரத்தைச் சரிசெய்யுங்கள். உயர்ந்த தந்தி அழுத்தப்படும்போது இழுபட்டுச் சுருதி ஏறும். அதன் பிறகும் இரண்டாம் தந்தி மட்டும் விலகினால் சேடிலின் உச்சியை அந்த இடத்தில் பின்னோக்கிச் சரித்து அராவலாம். குறுகிய பழைய காடியை நிரப்பிவிட்டுப் புதுக் காடி வெட்டுவது கடைசியில் எண்ணிப்பார்க்க வேண்டியது.

அறிகுறி: வரிசை எண் ஒன்றைச் சொல்கிறது, உடல் வேறொன்றைச் சொல்கிறது

இதுவும் ஒரு பழுதுதான். மற்றவற்றைப் போல ஒலியில் தெரியாமல் விற்கும் நாளில் தெரியவரும். ஒலித்துளைக்குள் கழுத்துக் கட்டையைப் பார்த்தால் மாதிரிப் பெயரும் அதன் கீழ் வரிசை எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். 65177 முதல் 68865 வரையிலான எண்கள் 1937-ஐச் சேர்ந்தவை. அந்த ஆண்டின் கிடாரில் மேற்பலகையைச் சுற்றி மீன்முள் போன்ற ஹெர்ரிங்போன் வரியும், பின்பலகையின் நடுவே வளைந்து வளைந்து ஓடும் அலங்காரப் பட்டையும், விரற்பலகையில் பிளவுபட்ட வைரமும் சதுரமுமான சிப்பிப் பதிப்புகளும் இருக்க வேண்டும். வெறும் புள்ளிகள் இருந்தால் விரற்பலகை மாற்றப்பட்டிருக்கலாம், ஏனெனில் புள்ளிகள் 1944-ஐ ஒட்டித்தான் வந்தன. ஹெர்ரிங்போன் மட்டுமே இருப்பது எதையும் மெய்ப்பிக்காது. அது 1947-இல் நின்றுபோனாலும், 1976-இல் வந்த ஹெச்டி-28-இல் குடைந்த சட்டங்களோடு திரும்பி வந்தது.

மரத்தையும் பாருங்கள். 1969 வரை பிரேசில் ரோஸ்வுட், அதன்பின் இந்திய ரோஸ்வுட் என்பது பொதுவான எல்லைக்கோடு. முன்னதில் கருமையான, சிலந்திவலை போல் கிளைக்கும் வரிகள் ஓடும். பின்னது நேரான ஊதா கலந்த வரிகளைக் காட்டும். பின்பலகை மாற்றப்பட்டிருந்தால் இங்கே பிடிபடும். பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல் அழிந்துவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருக்கிறது. ஆகவே பழுதுநீக்குவதற்காகக் கிடாரை வேறு நாட்டுக்கு அனுப்புவதானால், அந்த மரம் அதற்கு முந்தையது என்று காட்டும் சான்றிதழை முன்கூட்டியே பெற்றாக வேண்டும். இல்லாவிட்டால் சுங்கத்தில் பறிமுதலாகலாம்.

அறிகுறி: டியூனர் வழுக்குகிறது, குமிழ்கள் நொறுங்குகின்றன, பெட்டியில் நெடி வீசுகிறது

சுருதி நிற்காததற்கு டியூனரைக் குறை சொல்லும் முன், முறுக்கும்போது நட்டில் ‘டிங்’ என்ற ஓசை கேட்கிறதா என்று கவனியுங்கள். கேட்டால் தந்தி காடியில் சிக்கிச் சிக்கி நகர்கிறது; காடியில் பென்சில் முனையைத் தேய்த்தாலே தீரும். அப்படியும் தீராமல் பல்சக்கரம் உண்மையிலேயே தேய்ந்திருந்தால், பழைய துளைகளில் அப்படியே பொருந்தும் மாற்று டியூனரை மட்டும் வாங்குங்கள். தலைப்பகுதியில் புதிதாக ஒரு திருகுத்துளைகூட விழக் கூடாது.

பெட்டியைத் திறந்ததும் கற்பூரம் கலந்த காரநெடி வீசி, டியூனர் உலோகமும் தந்திகளும் பச்சை பூத்திருந்தால் செல்லுலாய்டு சிதைந்துகொண்டிருக்கிறது. அது சிதையும்போது வெளிவரும் ஆவி அமிலமாகி உலோகத்தை அரிக்கும், பக்கத்திலிருக்கும் நல்ல செல்லுலாய்டையும் சிதையத் தூண்டும். எளிதில் தீப்பற்றும் பொருள் ஆதலால் சுடரோ சூடான கருவியோ அதன் அருகே வரக் கூடாது. நொறுங்கும் பகுதியைக் கழற்றிவிட்டுக் கிடாரைச் சில நாள் காற்றாட வையுங்கள். கழற்றிய மற்ற அசல் உறுப்புகளை, அதாவது பழைய சேடில், முளைகள், உலோக டியூனர்கள் ஆகியவற்றைத் தாளில் சுற்றி என்றென்றும் கிடாரோடு வைத்திருக்கலாம். சிதைந்த செல்லுலாய்டை மட்டும் அந்தப் பெட்டிக்குள் திரும்ப வைக்காமல், காற்றோட்டமுள்ள வேறிடத்தில் தனியே வையுங்கள்.